பதவிக்கு வரம்பு, பணத்துக்குக் கணக்கு: சிற்றாற்றுப் பாசன ஊர்களின் உள்ளாட்சி வரலாறு

தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் ஒரே பதவியில் இத்தனை முறைக்கு மேல் அமரக் கூடாது என்று வரையறுத்தால் ஊழல் குறையுமா என்ற வினா, அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு இரு முறை என்று எல்லை வகுத்த 1951ஆம் ஆண்டின் 22ஆம் சட்டத் திருத்தத்தோடு சேர்த்தே பெரும்பாலும் பேசப்படுகிறது. இந்திய அரசியலமைப்பு பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ இத்தகைய எல்லை எதையும் விதிக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆனால் தமிழக ஊராட்சியின் கடந்த காலம் இந்த வினாவுக்குப் புதியதன்று. பதவிக்கு வரம்பு கட்டிய காலம், வரம்பே இல்லாமல் பரம்பரையாகப் பதவி இறங்கிய காலம், பதவிக்கு ஆளே தேர்ந்தெடுக்கப்படாத காலம் ஆகிய மூன்றையும் அது கண்டிருக்கிறது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்குத் தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூர் வட்டாரம் ஏற்ற களமாகும்.

பாவூர்ச்சத்திரத்தை ஒட்டிய பேரூராட்சியான கீழப்பாவூர், குற்றால மலையில் பிறந்து கிழக்கே ஓடித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் நீரைக் குளங்களில் தேக்கி நெல் விளைவித்த ஊர்களுள் ஒன்று. குளத்துப் பாசன ஊர்களில் பொதுப்பணம் என்பது வரிப்பணம் மட்டுமன்று. கரையை உயர்த்தும் கூலி, மடையைப் பழுதுபார்க்கும் செலவு, மீன்பாசி ஏலத் தொகை, குளத்து மரங்களை விற்ற காசு, வண்டல் மண்ணை அள்ளும் உரிமை என அது பல வடிவங்களில் கைமாறுவது. மழை பொய்த்த ஆண்டில் எந்த வயலுக்கு முதலில் மடை திறப்பது என்ற முடிவும் பணத்துக்கு நிகரான பொதுச்சொத்தே. ஆகவே குளத்தை ஆள்பவர் யார், எத்தனை காலம், யாருக்குக் கணக்குச் சொல்லி என்ற கேள்விகள் இவ்வூர்களில் ஏட்டளவிலான கேள்விகளாக ஒருபோதும் இருந்ததில்லை.

இதே சிற்றாற்று நீரை நம்பிய மற்றோர் ஊர், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள மானூர். பாண்டியன் மாறன் சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே உள்ளது, அது கி.பி. 800ஐ ஒட்டியது என்பது பலரும் ஏற்கும் கருத்து. பிராமணருக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊரான பிரமதேயத்தின் நிர்வாக அவைக்குச் சபை என்று பெயர். மானூர்ச் சபையார் கூடி, பங்குடையோரின் மக்களுள் மந்திர பிராமணமும் ஒரு தரும நூலும் கற்ற ஒழுக்கமுடையவரே அவையில் இடம்பெறலாம் என்றும், கால், அரை, முக்கால் எனத் துண்டுபட்ட பங்குக்கு இனி அவை உரிமை இல்லை என்றும் விதி செய்தனர். எடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் வேண்டுமென்றே மறுப்புச் சொல்லித் தடை செய்வோரும் அவர்களுக்குத் துணைநிற்போரும் தடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்றும் எழுதி வைத்தனர். யார் அவையில் அமரலாம், அமர்ந்தபின் எப்படி நடக்க வேண்டும் என்ற இரண்டையும் விரிவாகச் சொல்லும் இக்கல்வெட்டு, ஒருவர் எத்தனை காலம் அமரலாம் என்பதைத் தொடவில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள். கி.பி. 919இல் வெட்டப்பட்ட முதல் ஏற்பாடு இரண்டே ஆண்டில், 921இல், திருத்தி எழுதப்பட்டது. முதலில் 30 முதல் 60 வரை இருந்த வயது எல்லை 35 முதல் 70 வரை என மாறியது. விதிகள் ஒரே மூச்சில் பிறந்தவையல்ல, நடைமுறையில் பழுது கண்டு சரிசெய்யப்பட்டவை என்பதற்கு இதுவே சான்று. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் மறைநூல் கல்வியும் உடையவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலை ஒன்றை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் எனப்பட்ட ஊர்ப் பணியாளன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசித்தான். அவையிலிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையை மறுபடி வாசித்த பின்னரே பெயர் ஏற்கப்பட்டது. விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடும் தந்திரத்தை அறிந்தவர்கள் எழுதிய விதி இது.

இவ்வாறு தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டுக் குழு, தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றில் 360 நாள் பணியாற்றினர். குற்றம் கண்டால் காலம் முடியும் முன்பே விலக்கப்பட்டனர். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரின் பெயர் குடத்தில் இடப்படலாகாது என்பதே அங்கு பதவிக்கால வரம்பு. ஆனால் அவ்வரம்பு தனித்து நிற்கவில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவரோடு சித்தி, பெரியம்மாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர், மருமகன் என உறவுமுறை முழுவதும் பட்டியலிட்டு விலக்கப்பட்டது. மூன்றாண்டு விலகியிருந்தவர் திரும்பி வரலாம். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் சுற்றத்துக்கும் கதவு அடைபட்டது. காலம் முடிந்தவரைக் காட்டிலும் கணக்கை முடிக்காதவரையே உத்திரமேரூர் கூடுதலாக அஞ்சியது என்று கொள்வதில் தவறில்லை. இவ்வொழுங்கு நிலமுள்ள, கற்ற பிராமண ஆடவரின் வட்டத்துக்குள் மட்டுமே இயங்கியது என்பதும், பெண்களும் உழுகுடிகளும் அதில் இடம்பெறவில்லை என்பதும் மறக்கத்தக்கவையல்ல. ஆயினும் அதன் விதிகளில் உள்ள எச்சரிக்கை உணர்வு அந்த வட்டத்தைக் கடந்தும் பொருளுடையது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை எதிர்முனைக்குச் சென்றது. ஊரின் வரியும் வழக்கும் கிராம முன்சீப்பின் கையிலும், அடங்கல், சிட்டா முதலிய நிலக் கணக்குகள் கர்ணத்தின் கையிலும் இருந்தன. இப்பதவிகள் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதை 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம் உறுதிசெய்தது. நிலப் பதிவேட்டில் ஒரு வரியை மாற்ற வல்லவர் ஒரே வீட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்தபோது, அவரைப் பகைத்துக்கொள்ளும் துணிவு சிறு விவசாயிக்கு இருக்க வாய்ப்பில்லை. பிறப்பின் அடிப்படையில் அரசுப் பதவி வழங்குவது சமவாய்ப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது, தமிழகத்தில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் வழியாக அப்பழைய பதவிகளையே ஒழித்து, மாறுதலுக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர்களை அமர்த்தியது. வேரூன்றிய அதிகாரம் இதனால் உடைந்தது என்பது உண்மை. ஆனால் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் இலஞ்சம் வாங்கிக் கைதாகும் அலுவலர்கள் பற்றிய செய்தி நின்றுவிடவில்லை. ஆள் நிலைத்திருப்பதால் வரும் தீமையை மாறுதல் போக்கியது. மேசையில் கோப்பைத் தேக்கி வைக்கும் அதிகாரத்தால் வரும் தீமையை அது தீண்டவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியின் கதையோ தொடர்ச்சியற்றது. தமிழகத்தில் 1970க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986இலும், அதன்பின் 1996இலும்தான் நடந்தது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து ஐந்தாண்டுக் காலம் உறுதியானதோடு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இடங்கள் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டன. பதவிக்கால வரம்பு என்ற பெயர் இல்லாவிட்டாலும், சுழற்சி வந்ததும் பதவியில் இருந்தவர் அதே இடத்தில் மீண்டும் நிற்க முடியாமல் போவதால், நடைமுறையில் அது ஒரு வரம்பாகவே செயல்பட்டது. அதன் மறுபக்கமும் உடனே தெரிந்தது: பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் மனைவியை நிறுத்திக் கணவர் தலைவர் நாற்காலியில் அமர்வது பல ஊர்களில் வழக்கமாயிற்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தொடர்ந்து இரண்டாம் முறை ஆளுநராக முடியாத ஜார்ஜ் வாலஸ், 1966 தேர்தலில் தம் மனைவி லர்லீனை நிறுத்தி வெற்றி பெறச் செய்ததும் இதே வழிதான். உறவினரையும் சேர்த்து விலக்கிய உத்திரமேரூர் விதி, இத்தகைய குறுக்கு வழியை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணித்திருந்தது.

மூன்றாவது நிலை கீழப்பாவூருக்கு அண்மைக் காலத்தில் வாய்த்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும், அதற்கு முந்தைய மாதம் பிறந்த தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் வார்டு மறுவரையறை முடியாததால் விடுபட்டன. கீழப்பாவூர் ஒன்றியத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரிலும், கீழப்பாவூர் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அதிகாரம் தனி அலுவலர்களிடம் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காரணத்தால் 14ஆவது நிதிக் குழு மானியத்தின் ஒரு பகுதியை நடுவண் அரசு நிறுத்தி வைத்தது. அரசியல்வாதிகளை முழுவதுமாக விலக்கிய இக்காலம், பதவிக்கால வரம்பு கோருவோர் விரும்பும் தூய்மையைத் தரவில்லை. தேர்தலில் தோற்கடித்துத் தண்டிக்கத்தக்க ஒருவர் கூட ஊரில் இல்லாத நிலையையே அது உருவாக்கியது.

வரம்பு ஊழலைக் கூட்டவும் செய்யலாம் என்பதற்குப் பிரேசில் சான்று தருகிறது. அங்கு மேயர்கள் தொடர்ந்து இரு முறைதான் பதவி வகிக்கலாம். 2003 முதல் அந்நாட்டு நடுவண் தணிக்கை அமைப்பு, எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்பதைப் பொதுவில் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தது. அந்த அறிக்கைகளை ஆராய்ந்து 2011இல் பொருளியலாளர்கள் ஃபெராஸ், ஃபினான் இருவரும் வெளியிட்ட ஆய்வு, மறுமுறை போட்டியிடும் வாய்ப்புள்ள மேயர்கள், வாய்ப்பு முடிந்துபோனவர்களைவிட 27 விழுக்காடு குறைவாகவே நிதியைக் கையாடினர் என்று கண்டது. மீண்டும் வாக்குக் கேட்க வேண்டியிருப்பதே அவர்களுக்குக் கடிவாளமாக இருந்தது. பின்னர் 2018இல் வந்த ஆய்வு ஒன்று, ஒருமுறை தணிக்கைக்கு உட்பட்ட நகராட்சிகளில் அடுத்து வந்த ஊழல் 8 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. உத்திரமேரூர் பதவிக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்திய குலுக்கலைப் பிரேசில் தணிக்கைக்கு ஊர் எடுக்கப் பயன்படுத்தியது என்பது இவ்விரண்டையும் அருகருகே வைக்கும்போது புலப்படும்.

ஆகவே பதவிக்கால வரம்பு பயனற்றது என்பது முடிவன்று. பரம்பரைக் கர்ணங்களின் காலம், ஒரே கையில் அதிகாரம் தங்குவதன் கேட்டைப் போதுமான அளவு காட்டியிருக்கிறது. ஆனால் வரம்பு வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்னால் கணக்கும், அதற்குப் பக்கத்தில் உறவினர் விலக்கும் நின்றாக வேண்டும். இன்றைய சட்டத்தில் இவற்றின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும், எனினும் கிராம சபை ஊராட்சிக்கே உரியதாகையால் கீழப்பாவூர் போன்ற பேரூராட்சிக்கு அது இல்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்பாளர் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால் மூன்றாண்டு தகுதியிழப்பார். தேர்தலில் வென்றபின் ஐந்தாண்டு செலவிட்ட பொதுப்பணத்தின் தணிக்கைத் தடைகளைத் தீர்க்காமலேயே அவர் மறுபடி வேட்புமனு அளிக்கலாம். பதவி விட்டு இறங்கும் நாளைச் சட்டத்தால் குறிப்பது எளிது. மீன்பாசி ஏலத் தொகை எங்கே போனது என்ற கேள்விக்கு விடை எழுதாமல் எந்த ஊராட்சித் தலைவரும், அவர் மனைவியோ மைத்துனரோ, அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்று எழுதுவதே கடினம். தமிழக ஊராட்சி வரலாறு முதலில் கேட்பதும் அதைத்தான்.