கடல் கடந்து மூத்தவர்கள்

தெல்தோட்டை என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லூல்கந்துரத் தோட்டம். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் என்ற இளைஞர், 1867இல் அங்கே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கைத் தேயிலையின் கதை அங்கேதான் ஆரம்பம். அந்த மனிதர் நாற்பது வருடம் இந்த மலையை விட்டு அசையவில்லை. 1874இல் ஒரே ஒரு முறை விடுமுறை எடுத்தார். அதையும் டார்ஜிலிங் போய்த் தேயிலை பார்ப்பதிலேயே கழித்தார். 1892இல் வயிற்றுளைவு கண்டு இறந்தபோது தோட்டத்துத் தொழிலாளர்கள் முறை மாறி முறை மாறித் தோள்கொடுத்துக் கண்டி வரை சுமந்து சென்று, மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 'சாமி தொரை' என்று அவரை அழைத்ததாகச் சொல்வார்கள்.

டெய்லர் தனிக்கட்டை. வியாபாரத்துக்காக வந்த துரைமாரில் பெரும்பாலோர் பணம் சேர்ந்ததும், அல்லது 1870களில் கோப்பியை நோய் தின்றதும், கப்பலேறிவிட்டவர்கள். அப்படியென்றால் பிற நாட்டில் வந்திறங்கி, கணவனும் மனைவியுமாக அங்கேயே நரைத்து, அங்கேயே மண்ணுக்குப் போனவர்கள் யார் என்று தேடினால், மிஷனரிகளிடம்தான் போகவேண்டியிருக்கிறது. கண்டியிலேயே வில்லியம் ஓக்லி என்றொருவர் இருந்தார். 1835இல் வந்தவர், 1886இல் இறக்கும்வரை ஐம்பத்தொரு வருடம் ஒரு தடவைகூட இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. அவர் சேர்ந்த சபையின் துணையோடுதான் கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரிலேயே ஒரு பணி தொடங்கியது. பெயரைக் கேளுங்கள்! ஆன்மாவை இரட்சிக்க வந்தவர்களுக்கும் அந்த ஆன்மா கூலியாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஆனால் தம்பதியாக முதுமை கண்டவர்களின் முழுக்கதை வேண்டுமென்றால் வடக்கே உடுவிலுக்குப் போகவேண்டும்.

1819 ஜூன் மாதம் அமெரிக்காவின் பொஸ்டன் துறையிலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் நான்கு மிஷனரித் தம்பதியர்: வின்ஸ்லோ, வூட்வார்ட், ஸ்கடர், ஸ்போல்டிங். எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். பின்னர் நடந்ததைக் கணக்குப் பார்த்தால் மனம் கனக்கும். வூட்வார்டின் மனைவி 1825இல் மறைந்தார். உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833 ஜனவரியில் இறந்தார். அடுத்த வருடமே வூட்வார்டும் போனார். ஸ்கடர் வைத்தியரின் மனைவி 1849இல் சென்னையில் இறந்தார். ஸ்கடர் 1855இல் ஆபிரிக்காவின் தென்கோடியில் கண் மூடினார். பேரகராதி தந்த மைரன் வின்ஸ்லோ ஊர் திரும்பும் வழியில் 1864இல் அதே தென்கோடியில் அடங்கினார். எட்டுப் பேரில், கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே கிழவன் கிழவியாகி யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் லீவை ஸ்போல்டிங்கும் மேரியும் மட்டுமே.

அவர்கள் வந்தபோது மிஷன் வளவுகள் எப்படி இருந்தன? போர்த்துக்கேயர் காலத்துக் கோயில்களின் இடிபாடுகள். சுவர் நிற்கும், கூரை இராது. பனையோலை வேய்ந்துதான் குடியேற வேண்டும். அரசாங்கமும் அரவணைக்கவில்லை. தேசாதிபதி பார்ன்ஸ், அமெரிக்கர் இனிமேல் புதிதாக எவரும் வரக்கூடாது என்று தடை போட்டார். அச்சுவேலை தெரிந்து வந்த ஒருவரை 1820இல் திருப்பி அனுப்பியும் விட்டார். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. ஆள் குறையக் குறைய, இருப்பவர் தலையில் வேலை ஏறியது. ஸ்போல்டிங் தம்பதியர் மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் இருந்துவிட்டு, ஹரியற் இறந்த 1833இல் உடுவிலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் பிறகு இடம் மாறவில்லை.

ஊரிலிருந்து ஒரு கடிதம் வர நாலைந்து மாதம். வந்த கடிதத்தில் ஒருவர் நோயாயிருப்பதாக எழுதியிருந்தால், படிக்கும் நேரத்தில் அவர் எழுந்து நடமாடுகிறாரா, புதைக்கப்பட்டுவிட்டாரா என்று தெரியாது. பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது மிஷனரிகளின் வழக்கம். வின்ஸ்லோவின் மகன் சாள்ஸ் அப்படிப் போய், சேர்ந்த சிறிது காலத்திலேயே 1832இல் இறந்தான். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறர் பெற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பது என்பதுதான் அந்தப் பெண்களின் அன்றாடம். மேரி ஸ்போல்டிங்கின் நாளும் விடுதிப் பெண்களோடுதான் விடிந்தது, அடைந்தது.

அந்தப் பெண்களைச் சேர்ப்பது இலகுவாயிருக்கவில்லை. பெண் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்ட ஊர் அது. மிஷன் என்ன செய்தது தெரியுமா? உடுப்புக் கொடுத்தது, சோறு கொடுத்தது, படிப்பு முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணந்தால் சீதனமும் கொடுத்தது! சீதனம் கூடாதென்று இன்று நாம் மேடையில் பேசுகிறோம். பெண் கல்வி இந்நாட்டில் கால் ஊன்றியதே சீதனத்தின் துணையோடுதான். இன்னொரு விநோதம், பெயர். அமெரிக்காவில் பிள்ளைக்குப் பணம் அனுப்பியவர் யாரோ, அவர் பெயர் பிள்ளைக்கு. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற நம் அறிஞர்களின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்நிய முன்பாதி இப்படி வந்ததுதான்.

1840இல் எலைசா அக்னியு என்ற ஆசிரியை வந்து பாடசாலையைப் பொறுப்பேற்றார். அவருக்கு 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று பெயர் கிடைத்தது. அதே வளவில் அதே பெண்களோடு பல்லாண்டு வாழ்ந்த மேரிக்கு அப்படி ஒரு பட்டமும் நிலைக்கவில்லை. மனைவியர் பெயர் கணவர் பெயருக்குப் பின்னால் ஒதுங்குவது மிஷனிலும் மாறவில்லை போலும்.

கணவரைத் தமிழ் உலகம் மறக்க முடியாது. நல்லூரில் இருந்த நைற் பாதிரியார் சொற்களைத் திரட்டிவந்தார். 1840இல் அவர் இறந்துவிட, வேலை ஸ்போல்டிங் கைக்கு வந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பும் சேர்ந்து 1842இல் வெளியானதுதான், ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதி. யாழ்ப்பாண அகராதி என்றும் சொல்வோம். ஸ்போல்டிங்கின் ஆங்கில-தமிழ் அகராதியும், பனியனின் நூலுக்குச் செய்த தமிழாக்கமும் வேறு. இவ்வளவுக்கும் நடுவே 1834 ஜனவரியில் மதுரைக்குப் போய், அங்கே அமெரிக்க மிஷன் தொடங்க வழி பார்த்துவந்தவரும் அவரே. அகராதி வேலை பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாதிரியார் பெயர் பளிச்சென்று தெரியும் இடத்தில் பண்டிதர் பெயர் மங்கிப் போவதை நம் இலக்கிய வரலாறு இன்னும் முழுதாகத் திருத்திக்கொள்ளவில்லை.

1840களின் நடுவில் ஒரு தடவை மட்டும் இருவரும் அமெரிக்கா போய் வந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்த சொந்த ஊரில் தங்கியிருக்கலாம், வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. திரும்பி வந்தார்கள். வந்த சில வருடங்களில் பெரிய அடி. 1855இல் பொஸ்டன் தலைமையகத்திலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்விக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்று தீர்த்தது. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மானிப்பாய் அச்சகமும் கைமாறியது. அதே வருடத் தொடக்கத்தில்தான் செமினரியைக் கட்டியெழுப்பிய டானியல் பூர் வாந்திபேதியில் இறந்திருந்தார். கட்டியதைக் கட்டியவர் கண்முன்னே இடிப்பதுபோல் நடந்த காலத்திலும் உடுவில் வளவில் அந்த இருவரும் இருந்தார்கள்.

1873 ஜூனில், எண்பத்தொரு வயதில் லீவை ஸ்போல்டிங் மறைந்தார். மேரி உடனே கப்பலேறவில்லை. ஏறினால் எங்கே போவது? 1819இல் விட்டு வந்த ஊரில் அவரை அறிந்தவர் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? அடுத்த ஆண்டு அவரும் போய்ச் சேர்ந்தார்.

தாங்களாக விரும்பி வந்தவர்கள் இவர்கள். விரும்பினால் திரும்பவும் முடிந்தவர்கள். அதே காலத்தில் இன்னொரு பக்கத்தால் கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து, தெல்தோட்டை மலைகளில் ஏறிய தம்பதியர் ஆயிரக்கணக்கில் உண்டு. வழியில் விழுந்தவர்களுக்குக் குழியும் இல்லை. விழாமல் வந்து சேர்ந்தவர்கள் லயத்துக் காம்பராவில் மூத்து, கோப்பிக்கும் தேயிலைக்கும் உரமானார்கள். டெய்லருக்குக் கல்லறை இருக்கிறது. அவரைச் சுமந்த தோள்களுக்கு இல்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகளும் முதுமையில் கடல் கடக்க நேர்ந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. தெல்தோட்டையில் பிறந்து, தெல்தோட்டையில் கொழுந்து பறித்து, பல்லும் போனபின் 'சொந்த நாடு' என்று ஒருபோதும் காணாத நாட்டுக்குப் புறப்பட்ட கிழவன் கிழவியரும் அந்தக் கணக்கில் அடக்கம். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களைக் கொண்டுபோன இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. கரையில் காத்திருந்தது இராமேஸ்வரம் போகும் இராமானுஜம் கப்பல்.