வளையம் கழன்ற பீப்பா

வீட்டில் பார்லியிலிருந்து பியர் தயாரிக்கிறவர்களுக்குப் பழுதுபார்ப்பது பாதி வேலை. ஊறவைத்த முளைப்பார்லி களியாகி அடைத்துக்கொள்ளும், சாறு வடியாது. மரப்பீப்பா என்றால் இரும்பு வளையம் நழுவி, பலகை இடுக்கால் ஒழுகும். தட்டி இறுக்கினால் சரி. மிஞ்சிப்போனால் குசினி நிலம் நனையும், அவ்வளவுதான்.

நாங்கள் சொல்லப்போவதும் வளையம் நழுவின கதைதான். ஆனால் அந்த வளையத்தின் எடை மட்டும் ஏறக்குறைய 700 இறாத்தல்.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்பு பியருக்குத்தான் மவுசு. அதை மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அதனால் முதலாளிமார் பீப்பாக்களைப் பெருப்பித்துக்கொண்டே போனார்கள். யாருடையது பெரிசு என்று போட்டி வேறு! சென் கைல்ஸ் பகுதியில் மியூ கம்பனியின் ஹோர்ஸ் ஷூ ஆலையில் இருந்த பீப்பா ஒன்றின் உயரம் 22 அடி. ஆலையைச் சுற்றி ஏழைகள், அதிலும் கனபேர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். நிலவறையிலும் குடும்பங்கள் இருந்தன.

1814 ஒக்டோபர் 17, பின்னேரம் நாலரை மணி. வளையம் கழன்றதைக் களஞ்சிய எழுதுநர் ஜோர்ஜ் கிரிக் கண்டார். உள்ளே பத்து மாதப் பியர், கிட்டத்தட்ட விளிம்பு வரைக்கும். மேலே சொன்னார். ஒன்றும் ஆகாது என்றார்கள். வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் வளையம் நழுவுகிறதுதானே! பிறகு திருத்தச்சொல்லி பங்குதாரர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார் கிரிக். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கடிதம் அவர் கையில் இருக்கும்போதே பீப்பா வெடித்தது.

பக்கத்துப் பீப்பாவின் குழாயும் பிடுங்குப்பட, பின்சுவரை உடைத்துக்கொண்டு பியர் நியூ ஸ்ட்ரீட்டுக்குள் பாய்ந்தது. அங்கே ஒரு நிலவறையில் இரண்டு வயதுப் பிள்ளையின் செத்தவீடு. அழ வந்தவர்களே செத்துப்போனார்கள். தாயோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நாலு வயது ஹனா இறந்தாள். மதுச்சாலையில் வேலைக்கு நின்ற 14 வயது எலினர் கூப்பர் சுவருக்குள் நசுங்கினாள். மொத்தம் 8 பேர், எல்லோரும் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆலைத் தொழிலாளர் காயத்தோடு தப்பினார்கள்.

மரண விசாரணையில் ஜூரிமார் இதைத் தற்செயல் விபத்து என்று முடித்தார்கள். ஆகவே கம்பனி நட்டஈடு கட்டத் தேவையில்லை. அதற்கும் மேலே, கொட்டிப்போன பியருக்குக் கட்டிய மதுவரியில் சுமார் 7,250 பவுண் நாடாளுமன்றத்தின் தயவால் கம்பனிக்குத் திரும்பக் கிடைத்தது!

இணையத்தில் இந்தக் கதையைத் தேடினால் வேறொன்றும் வரும்: சனம் சட்டிபானையோடு ஓடிவந்து பியரை அள்ளிக் குடித்ததாம், வெறியில் ஒருவர் செத்தாராம். அன்றைய பத்திரிகைகளில் அப்படி ஒரு செய்தி இல்லை. இடிபாட்டுக்குள் கிடந்தவர்களின் குரல் கேட்கவேண்டும் என்று கூட்டம் சத்தம் போடாமல் நின்றதைத்தான் எழுதியிருக்கிறார்கள். சென் கைல்ஸ் அயர்லாந்துக்காரரை அந்தப் பத்திரிகைகளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அவர்கள் குடித்துக் கூத்தடித்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பார்களா?