காட்டுத் தக்காளி தந்த காப்பு

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுச் சந்தையிலே குவியும் தக்காளியைக் காண்போர், அது நம் நாட்டின் பழம்பயிர் என்றே எண்ணுவர். பெயரும் அவ்வெண்ணத்திற்கு இடந்தருகிறது. ஆனால், தக்காளி என்னும் சொல் முதலில் நம் மண்ணில் தானே முளைக்கும் வேறு சிறு செடிகளையே குறித்தது. கடல் கடந்து வந்த செடியைச் சீமைத் தக்காளி என்றனர். நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. விருந்தாளியே பெயருக்கு உரிமையாளனாயிற்று.

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரல். மெக்சிகோ மக்கள் இதைத் தோட்டப் பயிராக்கினர். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இதனைக் கடல் கடத்தினர். பயிரிட்டோர் தலைமுறைதோறும் பெரிய பழங்களின் விதையையே பொறுக்கி வைத்தனர். இவ்வாறு பழம் பருத்தது. ஆனால் காட்டில் வாழ்ந்த முன்னோரின் நோய் தாங்கும் ஆற்றலிற் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிட்டது.

இந்தக் குறையை அமெரிக்க ஐக்கிய நாட்டு உழவர் கண்கூடாக அறிந்தனர். மண்ணில் வாழும் பியூசேரியம் என்னும் பூஞ்சாணம் அவர்தம் வயல்களை வாட்டியது. இதற்கு மருந்து எங்கே கிடைத்தது? பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்றிலே! அதன் பழம் சுண்டைக்காயளவே இருக்கும். அதனை நாட்டுச் செடியோடு ஒட்டுச் சேர்த்து, 1941-இல் 'பான் அமெரிக்கா' என்ற இரகத்தை வெளியிட்டனர். ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. 1945-இல் ஒஹையோ மாநிலத்தில், அந்த அரணையும் தாண்டவல்ல பூஞ்சாண இனம் ஒன்று கண்டறியப்பட்டது. எதிர்ப்பாற்றல் என்பது ஒரு குறிப்பிட்ட பகைவனுக்கு எதிரான கோட்டையே. எல்லாப் பகைவருக்கும், எல்லாக் காலத்துக்கும் அன்று.

நம் நாட்டின் பெரும்பகைவன் இலைச்சுருள் நோய். வாசுதேவா, சாம் ராஜ் என்னும் இரு விஞ்ஞானிகள் 1948-இல் இதை விரிவாக விளக்கி எழுதினர். வெள்ளை ஈ சுமந்து வரும் வைரஸே இதற்குக் காரணம். இளஞ்செடியில் பற்றினால், இலை சுருண்டு, செடி குறுகி, காய்ப்பே அற்றுப்போகும். இதற்கும் காடே கைகொடுத்தது. பழுத்தாலும் பச்சை மாறாத, உரோமம் அடர்ந்த, உண்ண உதவாத காட்டுக்காய் ஒன்றிலிருந்த எதிர்ப்பாற்றலைத் தோட்டத் தக்காளிக்கு மாற்றியதை, ஹிசார் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூ, பானர்ஜி ஆகியோர் 1990-இல் வெளியிட்டனர். பின்னர் 2010-இல், பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'அர்கா ரக்ஷக்' என்ற வீரிய ஒட்டு இரகத்தை அளித்தது. இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் அது எதிர்க்கும்.

அப்படியாயின் வீட்டுத் தோட்டத்தில் எதை நடலாம்? இரகத்தின் பெயரைக் கேட்குமுன் நோயின் பெயரைக் கேளுங்கள். பச்சையாக நின்ற செடி திடீரென வாடினால், தண்டின் அடியை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல்; அர்கா ஆபா, அர்கா அலோக் போன்றவை ஏற்றவை. வேரைப் பிடுங்கினால் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறதா? அது நூற்புழுவின் வேலை. இலை சுருண்டால் வெள்ளை ஈயைத் தேடுங்கள்.

நோயே இல்லாமல் நீர்தான் குறைவு என்றால் வழி வேறு. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த நாளில், பையூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'பையூர் 1' மானாவாரிக்கு ஏற்றது. மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: வீரிய ஒட்டுச் செடியின் பழத்திலிருந்து எடுத்த விதை, தாயின் குணங்களை அப்படியே தராது. அதற்கு ஆண்டுதோறும் புதுவிதை வேண்டும்.

மாணவர்களே, சுண்டைக்காயளவு பழம் என்றும், உண்ண உதவாத காய் என்றும் ஒதுக்கப்பட்ட காட்டுச் செடிகளே இன்று நம் குழம்பில் கரையும் தக்காளியைக் காத்து நிற்கின்றன. நாளை புதிய நோய் வரும். அன்றும் அவற்றிடமே நாம் செல்லவேண்டும். அவை அழியாமல் இருந்தால்தானே செல்ல முடியும்?