பிரசவ அறையில் ஒரு வரைபடம்

ஜவ்வாது மலை என்றவுடன் அறிவியல் மாணவர்களின் நினைவுக்கு வருவது காவலூர். 1986-இல் அங்கே நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மலைப்பகுதிகளில் பயன்படுவதற்கென்றே அமைந்தாற்போன்ற வேறோர் அறிவியல் கருவியைப் பற்றி அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது வெறும் ஒரு தாள். பார்ட்டோகிராஃப் என்பார்கள், பிரசவ வரைபடம் எனலாம்.

மலையில் பிரசவம் என்றால் முதற்சிக்கல் தூரம். ஜவ்வாது மலையின் சிற்றூர்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் சாலை கிடையாது. வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்த பின்னரும், அறுவைச் சிகிச்சை வேண்டுமானால் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கிச் சமவெளிக்குச் செல்ல வேண்டும். இவளை இங்கேயே வைத்துக்கொள்வதா, கீழே அனுப்புவதா? செவிலி முடிவு செய்தாக வேண்டும். அவசரப்பட்டால் சுகப்பிரசவம் ஆக வேண்டியவள் வீணாக அலைவாள். தாமதித்தாலோ இரண்டு உயிருக்கும் ஆபத்து.

இதற்கு விடை தேடிய வரலாறு நியூயார்க்கில் தொடங்குகிறது. குழந்தை வெளிவருவதற்குக் கருப்பையின் வாய் 10 சென்டிமீட்டர் அளவு விரிய வேண்டும். இமானுவேல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர், முதற்பிரசவத்துக்கு வந்த 100 பெண்களிடம் இந்த விரிவை மணிக்கணக்கில் அளந்து, 1954-இல் வரைபடமாக வெளியிட்டார். வகுப்பில் நாம் வரையும் தூரம்-காலம் வரைபடம் போன்றதே இதுவும்.

அதை மலைக்கும் காட்டுக்கும் ஏற்றதாக்கியவர்கள் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஃபில்பாட்டும் காஸிலும். அன்றைய ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) தொலைவிலிருந்த சிறு நிலையங்களில் மருத்துவர் இல்லை. மருத்துவச்சிகளே பிரசவம் பார்த்தனர். 1972-இல் இவ்விருவரும் வரைபடத்தில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தனர். மணிக்கு 1 செ.மீ. என்று ஏறுவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு இணையாக 4 மணி நேரம் வலப்புறம் தள்ளி இருப்பது செயற்கோடு. முதற்கோட்டைத் தாண்டினால் பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்; இரண்டாவது கோடு வருவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இடையிலுள்ள 4 மணி நேரம் பயணத்துக்கான அவகாசம்! சாலையின் நீளத்தையே வரைபடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு ஒரு பெண்ணுக்கு 4 செ.மீ. விரிந்திருக்கிறது. எச்சரிக்கைக் கோட்டின்படி நண்பகல் 12 மணிக்கு 8 செ.மீ. ஆகியிருக்க வேண்டும், 6 செ.மீ.தான் ஆகியிருக்கிறது. அந்த அளவுக்குரிய செயற்கோடு பிற்பகல் 2 மணியில் நிற்கிறது. ஆக, கையில் இருப்பது 2 மணி நேரம். வண்டியை அழைக்க வேண்டியதுதான். சாய்வுக்கு இவ்வளவு பொருள் உண்டென்று சொல்லாமல், வரைபடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம்!

இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,484 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைச் சோதித்தது. முடிவு 1994-இல் வெளியாயிற்று. 18 மணி நேரத்துக்கு மேல் நீடித்த பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகவும், அவசர சிசேரியன்கள் 9.9-இலிருந்து 8.3 ஆகவும் குறைந்தன.

ஆயினும் இன்று தமிழ்நாட்டின் நிலை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு 100-க்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. இந்தியா முழுமைக்கும் 21.5தான். மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. தேவைப்படும் பெண்ணுக்கு அறுவை தவறாமல் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. மலையில் அது எட்டாமற் போவதும் சமவெளியில் அளவு மீறிப் போவதும் ஒரே மாநிலத்தில்தான் நடக்கின்றன.

மணிக்கு 1 செ.மீ. என்பது இயற்கை விதி அன்று. பல பெண்களுக்கு அது பொருந்துவதில்லை. 5 செ.மீ. வரை விரிவு மிக மெதுவாகவே நடக்கலாம். தாயும் சேயும் நலமாயிருக்கையில் வேகம் குறைவு என்ற ஒன்றை மட்டும் காரணமாக்கி அறுவை செய்ய வேண்டாம் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திச் சொன்னது. 2020-இல் வெளியான அதன் புதிய தாளில் அந்தச் சாய்கோடுகளே இல்லை. தொலைவிலுள்ளவர்கள் நேரத்தோடு புறப்படுவதற்காகப் பிறந்த கோடு அது. அறுவை அரங்கம் அடுத்த அறையிலேயே இருக்கும் ஊரில் அதைக் காட்டி அவசரப்படுத்துவது, என் பார்வையில், கோட்டின் பொருளையே மாற்றிவிடுவதாகும்.

முதற்பிரசவத்துக்கு ஆயத்தமாகும் குடும்பத்தார் இந்த மெதுவான கட்டத்தை அறிந்திருந்தால் பதற்றம் குறையும். வலி எடுத்த பெண் படுத்தே கிடக்காமல் நிற்பதும் நடப்பதும் முதற்கட்டத்தை ஒரு மணிக்கு மேல் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன; புவியீர்ப்புக்கும் இதில் பங்குண்டு போலும். பழகிய பெண் ஒருவர் உடனிருந்து தேற்றினால் சிசேரியன் குறைகிறது. பாட்டிமார் இதைச் செய்துதான் வந்தார்கள். உதிரப்போக்கோ, பனிக்குடம் உடைந்து நீர் போவதோ, குழந்தையின் அசைவு குறைவதோ தெரிந்தால் மட்டும் காத்திருக்கலாகாது.

மலையூர்ப் பெண்கள் நாள் நெருங்கும்போதே வந்து தங்குவதற்கெனத் தமிழ்நாட்டு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் அமைத்திருக்கிறார்கள். அவ்வாறு தங்குபவருக்கு டோலியில் கழியும் நேரம் மிச்சமாகிறது. முதல் வலியிலிருந்தே செவிலி கவனித்து, உரிய கட்டத்தில் வரைபடத்தைத் தொடங்கிவிடலாம்.