சுவரும் சட்டமும்

வேலூர் தொரப்பாடியில் இருக்கும் மத்திய சிறை, பழைய வடாற்காடு மாவட்டத்தின் பெரிய சிறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் சுவரைத் துளைத்துத் தோழர்களோடு தப்பியவர் ஏ.கே.கோபாலன். 1904-ல் வடக்கு மலபாரில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். தப்பிய பின் போர் முடியும்வரை அவர் அரசின் கையில் சிக்கவில்லை.

போர் முடிந்தபின் மீண்டும் கைதான அவர், 1947 ஆகஸ்ட் 15 அன்றும் சிறையில்தான் இருந்தார். சில வாரங்களில் விடுதலை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் கைது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் அவரைப் பிடித்து வைத்தது சென்னை அரசு. சாதாரணக் குற்றவியல் சட்டத்தில் விதித்த தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் காவல் நீடித்தது. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. மார்ச் 1 அன்று, உள்ளே இருந்த கோபாலனிடம் அச்சட்டத்தின்கீழ் புதிய ஆணை நீட்டப்பட்டது.

அவர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். வாதாடியவர் வழக்கறிஞர் எம்.கே.நம்பியார். அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு விசித்திரமானது. தன்னை ஏன் அடைத்தார்கள் என்று அரசு எழுதிக் கொடுத்த தாள் கைதியின் கையில் இருக்கும். அதை அவர் நீதிபதியிடம் காட்டக்கூடாது, காட்டினால் அதுவே குற்றம். காரணத்தைப் பார்க்காமல் காவல் சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

1950 மே 19-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 14-ஆம் பிரிவு செல்லாது என்பதில் அறுவரும் ஒன்றுபட்டனர். ஆனால் சட்டத்தின் மற்ற பகுதி செல்லும் என்று நால்வர் கூறியதால் மனு தள்ளுபடியானது. சாசனத்தின் 21-ஆவது பிரிவு, சட்டம் நிறுவிய நடைமுறைப்படியன்றி ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது என்கிறது. சட்டமன்றம் இயற்றிய எந்த நடைமுறையும் அதற்குப் போதும் என்பது பெரும்பான்மையின் நிலை. பஸல் அலி, மகாஜன் இருவரும் மாறுபட்டனர். அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பது பஸல் அலியின் வாதம்.

பின்னர் விடுதலையான கோபாலன், 1952 பொதுத் தேர்தலில் கண்ணூரிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது எழுபது வயதைத் தாண்டிய அவரும் கைதானார். வெளியே வந்ததும் ஜூலையில் மக்களவையில் எழுந்து நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசினார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடவும் பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நாட்கள் அவை. 1976 ஏப்ரல் 28-ல், நெருக்கடி நிலையில் காவலில் இருப்பவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐவரில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

1977 மார்ச் 21-ல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மறுநாள் கோபாலன் காலமானார். பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25-ல், மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டது: சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும். 1950-ல் சிறுபான்மையாக நின்ற பஸல் அலியின் கருத்துதான் அன்று சட்டமானது.