கலைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்: திரள் படிமுறைகளில் கேயாஸ்

1991-இல் பிளேன் கோல் என்ற உயிரியலாளர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். விலங்கு நடத்தை கேயாஸ் வகையைச் சேர்ந்ததா என்பது அதன் கேள்வி. லெப்டோதொராக்ஸ் அல்லார்டைசி என்னும் சிற்றெறும்பை அவர் ஆராய்ந்தார். எறும்பு எப்போது அசைகிறது, எப்போது ஓய்கிறது என்பதைக் காலத் தொடராகப் பதிந்து, அந்தத் தொடரின் பரிமாணத்தைக் கணக்கிட்டார். தனி எறும்பின் நடமாட்டத்தில் கேயாஸின் அடையாளங்கள் இருப்பதாகவும், முழுக் கூட்டின் நடமாட்டமோ ஏறக்குறைய சீரான இடைவெளியில் ஏறி இறங்குவதாகவும் முடிவு சொன்னார். ஒற்றையாக இருக்கையில் கணிக்க முடியாத ஒன்று கூட்டத்தில் தாளத்துக்கு வருகிறது என்றால், திரள் ரோபோக்கள் செய்பவர்களுக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறில்லை. எறும்புகளையும் கேயாஸையும் இணைக்கும் பிற்காலக் கட்டுரைகள் பலவும் முன்னுரையில் கோலை நினைவுகூர்ந்துவிட்டே மேலே போகின்றன.

அவை போகும் வழிதான் என் குறை. திரள் ஆய்வில் ‘கேயாஸ்’ என்ற சொல் இப்போது இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, அளந்து நிறுவப்பட வேண்டிய ஒரு பண்பைக் குறிப்பது. மற்றது, படிமுறைக்குள் சமவாய்ப்பு எண்களுக்குப் பதிலாகச் செருகப்படும் ஒரு எண்வரிசைக்குப் பெயராக இருப்பது. இரண்டாவது, முதலாவதன் பெயரில் கடன் வாங்கி வாழ்கிறது. அந்தக் கடனைச் சரிபார்க்கும் கருவியைத் தரவுப் பகுப்பாய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து வைத்துவிட்டார்கள். படிமுறை எழுதுபவர்கள்தான் அதைத் தொடுவதில்லை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இதை ‘ஒழுங்கின்மை’ என்று எழுதுவது வழக்கம். அது பாதி தவறு. கேயாஸில் அடுத்த மதிப்பு என்ன என்பதில் தற்செயலுக்கு இடமே இல்லை. சூத்திரம் ஒன்றே ஒன்றைத்தான் தரும். தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடு அடிக்கு அடி பெருகுவதுதான் அதன் தன்மை. ஒழுங்கு இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லத்தான் முடிவதில்லை. எனவே ‘கேயாஸ்’ என்றே எழுதுகிறேன்.

முதல் வேலையை, அதாவது அளப்பதை, எடுத்துக்கொள்வோம். 1983-இல் கிராஸ்பெர்கரும் புரோகாச்சியாவும் காலத் தொடரிலிருந்து ஒட்டுறவுப் பரிமாணத்தைக் கணக்கிடும் எளிய வழியைத் தந்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளுக்குக் கேயாஸ் தென்படாத இடமே இல்லை என்றாயிற்று. தட்பவெப்பம், மூளை அலை, பங்குச் சந்தை எல்லாவற்றிலும் ‘குறைந்த பரிமாணம்’ கண்டார்கள். 1989-இல் ஆஸ்போர்னும் புரோவென்சாலேயும் அந்த உற்சாகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மெதுவாக ஏறி இறங்கும் ஒருவகை வெறும் இரைச்சலும் முடிவுள்ள ஒரு மதிப்பில் நின்றுவிடும் பரிமாணத்தைக் காட்டும் என்று நிறுவினார்கள். 1992-இல் எக்மனும் ருயெலும் இன்னொரு வரம்பு போட்டார்கள்: தரவுப் புள்ளிகள் 1000 என்றால், கணக்கிட்ட பரிமாணம் 6-ஐத் தாண்ட இடமில்லை, 6-க்கு அருகே ஒரு விடை வந்தால் அது தரவு பேசுவதா, தரவின் பற்றாக்குறை பேசுவதா என்று பிரிக்க முடியாது.

அதே ஆண்டில் ஜேம்ஸ் தைலரும் உடனிருந்தவர்களும் முறைப்படுத்திய தீர்வுதான் பதிலித் தரவு. யோசனை எளிது. உங்கள் தொடரிலுள்ள மதிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, வரிசையை மட்டும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போடுங்கள். மதிப்புகளின் பரவல் மாறாது. ஒன்றன்பின் ஒன்று வந்த உறவு மட்டும் அழிந்துவிடும். இப்படிப் பல பதிலிகள் செய்து, மூலத்தில் கண்ட அடையாளம் அவற்றிலும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், உங்கள் அடையாளம் கேயாஸுடையது அல்ல. கலைப்பதில் நுட்பமான வகைகள் உண்டு. மூலத்தின் நேரியல் ஒட்டுறவைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதை மட்டும் அழிப்பது அவற்றுள் ஒன்று. அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இனி இரண்டாவது வேலை. 1995-இல் ஜேம்ஸ் கென்னடியும் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் துகள் திரள் உகப்பாக்கத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொரு துகளையும் மூன்று விசைகள் நடத்துகின்றன: ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வேகம், தான் கண்ட சிறந்த இடத்தின் இழுப்பு, கூட்டம் கண்ட சிறந்த இடத்தின் இழுப்பு. பின்னிரண்டையும் ஒவ்வொரு அடியிலும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு சமவாய்ப்பு எண்ணால் பெருக்குவார்கள். இந்த எண்கள் இருக்கும் இடத்தில்தான் ‘கேயாஸ்’ நுழைகிறது. பெரும்பாலும் லாஜிஸ்டிக் சார்பு: ஒரு எண்ணை எடு, ஒன்றிலிருந்து அதைக் கழித்து வருவதோடு பெருக்கு, விடையை நான்கால் பெருக்கு, வந்ததை மீண்டும் உள்ளே போடு. இதைச் சமவாய்ப்பு எண் ஊற்றாகப் பயன்படுத்தலாம் என்று 1947-லேயே ஊலமும் வான் நாய்மனும் யோசித்தார்கள். அந்த எண்கள் சமமாகப் பரவவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்; அதைச் சமமாக்கும் மாற்றமும் தெரியும். பிந்தைய கட்டுரைகளில் முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது.

எவ்வளவு சமமின்மை என்று கையாலேயே கணக்கிடலாம். 0-க்கும் 0.1-க்கும் இடையே 100 எண்களில் 10 விழ வேண்டும். லாஜிஸ்டிக் சார்பில் 20.5 விழுகின்றன. 0.9-க்கு மேலும் அதே 20.5. ஆக விளிம்பின் இரண்டு பத்திலொரு பகுதிகளே ஏறக்குறைய 41 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. நட்டநடுவில், 0.45 முதல் 0.55 வரை, கிடைப்பது 6.4 மட்டும். தொட்டில் போல இரு பக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த பரவல் இது. இதற்கும் கேயாஸுக்கும் தொடர்பில்லை. இதே பரவலைக் கேயாஸின் நிழல்கூடப் படாத எண்களாலும் உண்டாக்கலாம்.

பரவலைவிடக் கூர்மையான சிக்கல் இணைகளில் இருக்கிறது. இரண்டு இழுப்புகளுக்கும் தொடரின் அடுத்தடுத்த இரு மதிப்புகளை எடுத்தால், இரண்டாவது எண் முதலாவதாலேயே தீர்மானமாகிவிடுகிறது. சதுரம் முழுவதும் பரவ வேண்டிய இணைகள் ஒரே பரவளையத்தின் மீது வரிசைகட்டி நிற்கின்றன. முதல் எண் 0.9-ஐத் தாண்டினால் இரண்டாவது 0.36-க்குக் கீழேதான் வரும். ஆகவே தன் நினைவும் கூட்டத்தின் நினைவும் சேர்ந்து பலமாக இழுக்கும் அடி ஒன்றுகூட நிகழாது. சமவாய்ப்பு எண்களில் அது நூற்றுக்கு ஒரு முறை நிகழும். மறுபுறம், இரண்டும் 0.1-க்குக் கீழே வருவது நூற்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டியது, இங்கே 10-ஐத் தாண்டுகிறது. அந்த அடிகளில் துகள் யார் பேச்சையும் கேட்காமல், போன வேகத்திலேயே நழுவிப் போகும். திரள் சீக்கிரம் ஓரிடத்தில் குவிந்து சிக்கிக்கொள்ளும் சோதனைச் சார்புகளில் இந்த நழுவல் உதவக்கூடும். அப்படி உதவினால், ‘கேயாஸ் தேடலின் வீச்சைக் கூட்டியது’ என்று முடிவுரையில் எழுதிவிடுவார்கள். கூட்டியது, இழுப்பு குறைந்த அடிகள் பெருகியது. அதைப் பெற ஒரு மாறிலியை மாற்றினால் போதுமா என்று யாரும் கேட்பதில்லை.

தொடக்கத் திரளை இதே தொடரால் நிரப்புவது இன்னும் வேடிக்கை. 30 பரிமாணத் தேடலில் ஒரு துகளின் 30 ஆயங்களுக்கும் அடுத்தடுத்த மதிப்புகளையே போட்டால், முதல் ஆயம் மற்ற 29-ஐயும் முடிவு செய்துவிடும். எத்தனை ஆயிரம் துகள்களை இறக்கினாலும் அவை அந்தப் பெருவெளியில் வளைந்து நெளிந்த ஒற்றைக் கோட்டின் மேலேதான் உட்காரும். ‘முழு வெளியையும் சீராக நிரப்ப’ என்றுதான் அதைச் செய்வதன் காரணம் எழுதப்பட்டிருக்கும்.

கூடாரச் சார்பைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. பாதிக்குக் கீழே இருந்தால் எண்ணை இரட்டிப்பாக்கு. மேலே இருந்தால் ஒன்றிலிருந்து கழித்து இரட்டிப்பாக்கு. இதன் பரவல் சமமானது என்பதால் லாஜிஸ்டிக்கைவிட மேல் என்பார்கள். தாளில் அது சரி. கணினியில் 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக 0.1-ஐப் போட்டு ஓடவிடுங்கள். முதல் சில அடிகள் 0.2, 0.4, 0.8 என்று ஒழுங்காகப் போகும். பிறகு வால் கலங்கத் தொடங்கும். 54-ஆம் அடியில் விடை சரியாக 0.5. 55-இல் 1. 56-இல் 0. அதன் பின் எத்தனை லட்சம் அடி ஓட்டினாலும் 0-தான். காரணம் எளிது: கணினிக்குள் 0.1 என்பது உண்மையில் ஒரு முழு எண்ணை 2-இன் 55-ஆம் அடுக்கால் வகுத்தது. ஒவ்வொரு அடியும் பகுதியிலிருந்து ஒரு 2-ஐத் தின்றுவிடுகிறது. இங்கே பிழையோ வட்டமாக்கலோ இல்லை. ஒவ்வொரு பெருக்கலும் துல்லியம். துல்லியமாகவே செத்துப்போகிறது. மதிப்பீட்டுக்கு என்னிடம் வந்த ஒரு கட்டுரையில் 500 அடிகளுக்கு இந்தச் சார்பு ஓடியதாக விவரம் இருந்தது. மாறிலியைச் சற்று அசைத்தார்களா, 0 வந்ததும் வேறு எண்ணை ஊட்டினார்களா என்று கேட்டு எழுதினேன். பதிலாகத் திருத்திய பதிப்பில் அந்தப் பத்தி மட்டும் காணாமல் போயிருந்தது.

என் கோரிக்கை, கலைத்துப் போடும் சோதனையைப் படிமுறைகளுக்கும் நீட்ட வேண்டும் என்பது. கேயாஸ் எண்களால் படிமுறை மேம்பட்டது என்று சொல்பவர் மூன்று ஓட்டங்களை அருகருகே காட்டட்டும்: கேயாஸ் தொடர், அதே தொடரைக் கலைத்துப் போட்டது, சாதாரணச் சமவாய்ப்பு எண்கள். கலைத்த தொடரும் மூலத்துக்கு இணையாக வென்றால், வென்றது பரவல். கலைத்தபின் மேம்பாடு மறைந்தால்தான் வரிசைக்கு, அதாவது கேயாஸுக்கு, பேச இடம் உண்டு. நிரலில் இதற்கு ஒரு வரி போதும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. உயிரினங்களின் உருவகத்தில் பிறந்த படிமுறைகள் மேல் பொதுவாகவே சலிப்பு பரவியிருக்கிறது. கென்னத் சோரன்சன் 2015-இல் அந்த உருவக மோகத்தைக் கடுமையாகத் தாக்கினார். சாம்பல் ஓநாய், மின்மினி, வௌவால் பெயரிலான படிமுறைகளில் புதுமை இல்லை என்று மார்கோ டோரிகோவும் உடனிருந்தவர்களும் பின்னர் காட்டினார்கள். அந்தச் சலிப்பில் நல்லதையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறோமா? இல்லை என்பதற்கு எறும்பே சாட்சி. டெனுபூரும் மற்றவர்களும் 1991-இல் ஒரு கணக்கு சொன்னார்கள். சுற்றிலும் ஒத்த பொருள் அரிதாக இருந்தால் கையிலெடு, நிறைய இருந்தால் கீழே போடு. சிந்திக்காமல் திரியும் எளிய ரோபோக்கள் இந்த ஒரு விதியால் சிதறிய பொருள்களைக் குவியலாக்கும். 1994-இல் லூமரும் ஃபாயேட்டாவும் பொருளின் இடத்தில் தரவுப் பதிவை வைத்தார்கள். தரவுகளைக் குழுவாகப் பிரிக்கும் முறை கிடைத்தது. இங்கே எறும்பு என்ற பெயரை அழித்தாலும் இயங்குமுறை நிற்கிறது. பெயரை எடுத்தபின் எஞ்சுவது என்ன என்பதே அளவுகோல்.

கேயாஸுக்கும் அப்படிப்பட்ட இடம் உண்டு. 2001-இல் நாகமுராவும் செகிகுச்சியும் ஒரு நகரும் ரோபோவின் திசையை ஆர்னால்டின் ஓட்டச் சமன்பாடுகளோடு பிணைத்தார்கள். காவல் சுற்றும் ரோபோவின் பாதையைப் பார்ப்பவர் கணிக்கக் கூடாது. அதேசமயம் ரோபோ அடிக்கொரு தரம் வெட்டித் திரும்பவும் கூடாது. கேயாஸ் ஓட்டம் இரண்டையும் ஒருசேரத் தருகிறது. அந்தத் திசைத் தொடரைக் கலைத்துப் போடுங்கள்: சக்கரம் ஒவ்வொரு நொடியும் திடுக்கிட்டுத் திரும்பும், பாதை நொறுங்கிவிடும். சோதனையில் கேயாஸ் தேறிவிட்டது.

ஹார்வர்டில் ரூபன்ஸ்டைன், ராதிகா நாக்பால் குழுவினர் 2014-இல் காட்டிய 1024 கிலோபாட்கள் இதன் மறுபக்கம். மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் வட்டம், குச்சிபோல் மூன்று கால்கள், செல்பேசியில் இருப்பது போன்ற இரண்டு அதிர்வு மோட்டார்கள். மேசைப் பரப்பில் பட்டு எதிரொலிக்கும் அகச்சிவப்பு ஒளியால் அக்கம்பக்கத்தோடு பேசும். நட்சத்திர மீன் போன்ற ஒரு வடிவத்துக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நாள் ஆனது. ஒரே மாதிரி செய்த மோட்டார்கள் ஒரே மாதிரி அதிர்வதில்லை. ஒன்று தயங்கினால் அதன் பின்னால் போக்குவரத்து நெரிசல். இடம் கணிப்பதில் சேரும் சிறு பிழைகளால் முடிந்த வடிவம் சற்றே கோணிப்போகிறது. இந்தத் திரளுக்குள் தற்செயலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. மின்கலத்தோடு அதுவும் கூடவே வருகிறது.

கோலின் எறும்புகள் உண்மையில் எதைச் சொன்னன என்பது இங்கேதான் பயன்படும். அவற்றில் ஒழுங்கு வந்தது கூட்டத்தால். அவரைச் சான்று காட்டும் படிமுறைகள் பலவற்றில் கேயாஸ் தணிவது அடிக்கணக்கு ஏற ஏற, அதாவது கடிகாரத்தால். பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது சூத்திரத்துக்குள் வருவதே இல்லை. கிலோபாட் போன்ற ஒரு திரளில் ஒன்று, பத்து, நூறு என்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே, ஒவ்வொன்றின் அசைவையும் ஓய்வையும் பதிந்து, பதிலித் தரவோடு ஒப்பிட்டால், தனித்த ரோபோவிடம் கேயாஸ் இருந்ததா, அது எந்த நெருக்கத்தில் தாளமாக மாறியது என்று அளக்கலாம். தேவைப்படுவது மேலே ஒரு காமிராவும், மணிக்கணக்காகத் தீராத மின்கலமும், கலைத்துப் போடும் அந்த ஒரு வரியும்.