கொடைக்கானலில் வாங்கிய பூச்செடி திண்டுக்கல் வந்ததும் கருகுவது ஏன்? வீட்டுத் தோட்டம் வைப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மே மாதம் வந்தாலே கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி களைகட்டும். பார்த்துவிட்டு இறங்கும்போது, வழியில் இருக்கும் நர்சரியில் ஒரு பூச்செடியாவது வாங்கி வண்டியில் வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். வத்தலக்குண்டு தாண்டி வீடு வந்து சேரும் செடி, சில வாரங்களில் மொட்டை உதிர்க்கும். இலை ஓரம் கருகும். "தினமும் தண்ணி ஊத்தினேனே, அப்புறமும் ஏன் செத்துப் போச்சு?" என்ற கேள்விதான் மிச்சம்.

தண்ணீர் ஊற்றியவர் மேல் தப்பில்லை. காரணம், உயரம்.

ஒரே மாவட்டம், இரண்டு வானிலை

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் இரண்டு ஊருக்கும் 12 டிகிரி அளவுக்கு வித்தியாசம் வருகிறது.

செடிக்குப் பகல் வெயிலை விட இரவுச் சூடு பெரிய சோதனை. செடி பகலில் உணவு தயாரிக்கும். அதில் ஒரு பகுதியை இரவிலும் சுவாசிக்கச் செலவழிக்கும். இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும். குளிர்ந்த இரவுக்குப் பழகிய ஹைட்ரேஞ்சியா, ஃபுஷியா, பேன்சி போன்றவை சமவெளியில் வரவுக்கு மீறிச் செலவு செய்து வாடிவிடுகின்றன. மலையில் காய்க்கும் பிளம்ஸ், பேரிக்காய் மரங்களுக்கோ, மொட்டு விழித்துப் பூக்கவே சில வாரக் குளிர் தேவை.

திண்டுக்கல்காரர்களுக்கு இது புதுசு இல்லை. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்துக்கு அந்த மணம் வருவது மலையில் விளைவதால்தானே!

பூங்காவிலிருந்து எதை எடுத்து வரலாம்?

பிரையன்ட் பூங்கா 1908-ல் அமைக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரெய்னி என்ற வனத்துறை அதிகாரி. சுமார் 20 ஏக்கர் பரப்புள்ள இந்தப் பூங்கா இப்போது தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. செல்ஃபி எடுக்கும் இடமாக மட்டும் பார்த்தால் பாதி பயன் போய்விடும். எந்தச் செடி நிழலில் இருக்கிறது, எது முழு வெயிலில் நிற்கிறது, எதைக் கண்ணாடி மாளிகைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தாலே ஒரு பாடம் கிடைக்கும். பிடித்த செடியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது சமவெளியில் வளருமா என்று விசாரித்த பிறகு வாங்கலாம்.

திண்டுக்கல் வெயிலுக்கு எது தாங்கும்?

* முழு வெயிலுக்கு: செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ்
* கொடிக்கு: சங்குப்பூ, முல்லை, பிச்சி
* ரோஜா வேண்டுமென்றால்: பன்னீர் ரோஜா, ஆந்திரா ரோஜா
* அரளியும் நன்றாக வரும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம். சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் இருக்கும் வீட்டில் தவிர்ப்பது நல்லது.

மல்லிகைக்குத் தனிப் பக்குவம் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் வயல் வயலாக விளையும் மல்லி, புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்யச் சொல்கிறார்கள். வீட்டுச் செடியையும் அப்போதே வெட்டிவிட்டால், மார்ச் முதல் பூ பறிக்கலாம்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில், தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கலாம். அது வேரைப் பாதிக்கும். தொட்டியின் அடித்துளை அடைக்காமல் இருக்கட்டும். அவ்வப்போது மழைநீரையோ நல்ல தண்ணீரையோ தாராளமாக ஊற்றி, உப்பைக் கீழே வடியவிட வேண்டும். புதுச்செடியைக் கோடையில் வைக்காமல், ஐப்பசி மழையை ஒட்டி நட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

செலவில்லாத மூன்று பொழுதுபோக்குகள்

பதியன் போடுவது: மல்லிகையின் நீண்ட கிளையை வளைத்து, லேசாகக் கீறி, மண்ணுக்குள் புதைத்து வைத்தால் மூன்று, நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும். பிறகு வெட்டித் தனியே நடலாம். மழைக்காலம் இதற்கு ஏற்றது.

இலை சேகரிப்பு: வீட்டுச் செடியின் இலை, பூவைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் கனமான புத்தகத்தை ஏற்றி, தினமும் தாளை மாற்றினால் நிறம் அதிகம் போகாமல் காயும். பெயர், இடம், தேதி எழுதி ஒட்டினால் அது ஆவணம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பைத் தொடங்கிய அருட்தந்தை கே.எம்.மேத்யூ, இப்படிச் சேகரித்த மாதிரிகளை வைத்துத்தான் பழனி மலைத் தாவரங்களைப் பதிவு செய்தார்.

பட்டாம்பூச்சி வளர்ப்பு: கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் சின்னப் புழுவை உடனே நசுக்க வேண்டாம். அது பட்டாம்பூச்சியின் குழந்தை. நாலு இலை போனாலும், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல அறிவியல் வகுப்பு கிடைக்காது.

யாரிடம் கேட்பது?

சமவெளிச் செடிகளுக்கு ஆலோசனை கேட்க மலை ஏற வேண்டியதில்லை. காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் உள்ளது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

அடுத்த முறை மலையில் ஒரு பூ மனசைப் பிடித்தால், நர்சரிக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் ஒரே கேள்வி போதும்: "அண்ணே, இது கீழ வளருமா?"